எட்டாத மைலேஜும் எட்டிப் பாராத ஆயிலும்

சிறிய டர்போ பெட்ரோல் கார்களை வாங்கியிருக்கும் அன்பர்களுக்கும், வாங்கலாமா வேண்டாமா என்று ஆலோசித்துக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கும் இந்த மடல்.

உங்களில் இருவர் எங்கே சந்தித்தாலும், க்ஷேம சமாசாரம் விசாரித்து முடித்த மறு நிமிஷமே பேச்சு மைலேஜுக்கு வந்துவிடுகிறது. ஷோரூமில் 20 என்று சொன்னார்கள், எனக்கு 12-ஐத் தாண்டவில்லை என்று ஒருவர் பெருமூச்சு விட, உமக்காவது 12 கிடைக்கிறதே என்று மற்றவர் தேற்றுகிறார். இந்தக் குறையை நான் அற்பமானது என்று தள்ளவில்லை. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கிற காலத்தில் எந்தக் குடும்பஸ்தனுக்கும் அது நியாயமான கவலையே. ஆயினும், எட்டாத மைலேஜுக்காக இத்தனை துக்கப்படுகிற நீங்கள், காரின் ஆயுளை உண்மையில் நிர்ணயிக்கிற ஒரு வஸ்துவை, அதாவது என்ஜின் ஆயிலை, எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பதே என் மனத்தாங்கல். இந்த மடலை எழுதத் தூண்டியதும் அதுதான்.

முதலில் அந்த 20 என்ற எண் எங்கே பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது சாலையில் பிறந்ததன்று. ஏ.ஆர்.ஏ.ஐ. என்று சுருக்கமாக வழங்குவதும், 1966-இல் புனே நகரில் தொடங்கப்பெற்றதுமான வாகன ஆராய்ச்சி நிலையத்தின் பெயரோடு சேர்த்து நாம் சொல்லிவரும் அந்தப் பரீட்சையில், காரை ஓர் அறைக்குள் உருளைகளின்மேல் நிறுத்தி, ஏசியை அணைத்து, சுமார் 20 நிமிஷ காலம், முன்கூட்டியே வகுத்த ஒரு வேக அட்டவணைப்படி ஓட்டுகிறார்கள். அந்த அட்டவணையில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்கு அதில் கொடுக்கப்பட்டிருக்கும் அவகாசம் 26 விநாடி. கிண்டி சிக்னலில் பச்சை விழுந்தபின் 26 விநாடி எடுத்துக்கொண்டு நகர்கிற காருக்குப் பின்னால் எத்தனை ஹாரன்கள் ஒலிக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். பல கார்களை ஒரே தராசில் நிறுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இந்த எண் உபயோகமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒப்பிடுவதற்கென்று செய்த அளவை, உங்களுக்குக் கொடுத்த வாக்குறுதியாக எடுத்துக்கொண்டதில்தான் உபத்திரவம் ஆரம்பமாகிறது.

எல்லாக் கார்களுக்கும் இந்த இடைவெளி உண்டு என்றாலும், டர்போ கார்களுக்கு அது சற்று அகலமாகவே இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. சுவிட்சர்லாந்து தேசத்து என்ஜினீயர் ஆல்ஃபிரட் பூஹி என்பவர் 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற டர்போ என்ற யுக்தியின் சாரம், புகைக்குழாய் வழியே வீணாக வெளியேறும் சூடான வாயுவைக்கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் பொருத்திய மற்றொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்துவதாகும். காற்று அதிகம் புகுந்தால் அதற்கேற்ற பெட்ரோலையும் அதிகம் எரிக்கலாம். ஆகவே 1 லிட்டர், மூன்று சிலிண்டர் என்ஜினிலிருந்து ஒன்றரை லிட்டர் என்ஜினின் வலிமையைப் பெற முடிகிறது. வலிமை வேண்டாத வேளையில் அது சிறிய என்ஜின். உராய்வு குறைவு, காற்றை உறிஞ்சுவதில் ஏற்படும் விரயமும் குறைவு. ஒரே உடம்பில் ஒரு கணக்குப்பிள்ளையும் ஒரு பயில்வானும் குடியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: பரீட்சை அறையில் ஆதிமுதல் அந்தம்வரை கணக்குப்பிள்ளையே வேலை பார்க்கிறார், சாலையிலோ உங்கள் வலது கால் ஒவ்வொரு முறை அழுந்தும்போதும் பயில்வான் எழுந்து வருகிறார், எழுந்து வந்தவர் சாப்பிடாமல் போவதில்லை. அழுத்தம் ஏறிய நிலையில் சிலிண்டருக்குள் வெப்பம் மிகுந்து பெட்ரோல் அகாலத்தில் வெடித்துவிடாமல் இருக்கும்பொருட்டு, தீப்பொறியைத் தாமதப்படுத்துவதும், பாரம் மிக மிஞ்சும்போது தேவைக்கு மேற்பட்ட பெட்ரோலைத் தெளித்து உள்ளே குளிர்விப்பதும் என்ஜினைத் தயாரித்தவர்களே கையாளும் உபாயங்கள். ஆகவே முழு வலிமையை உபயோகிக்கும்போது, அதே வலிமையுள்ள பெரிய சாதாரண என்ஜினைவிடச் சிறிய டர்போ சிக்கனமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

நம் மாநிலத்துக்கும் இந்த விஷயத்துக்கும் உள்ள சம்பந்தம் நெருக்கமானது. 2013-இல் மறைமலைநகரிலிருந்து வெளிவந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் 1 லிட்டர் ஈகோபூஸ்ட் வகைதான், சிறிய டர்போ பெட்ரோல் என்ஜின் என்ற கருத்தை நம் நடுத்தர வர்க்கத்தார் பலருக்கு முதன்முதலில் அறிமுகப்படுத்தியது. அதற்கு அறிவிக்கப்பட்ட மைலேஜ் 18.9. பின்னர் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 2019-இல் ஹூண்டாய் வென்யூவும், ஒரகடத்திலிருந்து 2020-இல் நிஸான் மேக்னைட்டும் வந்தன. கையால் கியர் மாற்றும் வகைகளில் முன்னதற்கு 18.27, பின்னதற்கு 20 என்று அறிவித்தார்கள். இவ்வகைக் கார்களை ஓட்டுகிறவர்கள் பொதுவாகக் காண்பது, நகரத்து நெரிசலில் 10 முதல் 13 வரை, நெடுஞ்சாலையில் நிதானமாகச் சென்றால் 16 முதல் 19 வரை. உங்கள் கணக்கு இந்த எல்லைக்குள் இருக்குமானால் உங்கள் காருக்கு வியாதி ஒன்றுமில்லை என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

நகரத்தில் ஏன் இப்படிச் சரிகிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. ஏசியை இயக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடும் சிறிய என்ஜின் மணிக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பெட்ரோலைக் குடிக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் கடந்த தூரமோ பூஜ்யம். நெடுஞ்சாலையில் காரணம் வேறு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், 80 கிலோமீட்டரில் இருந்ததைவிட 110 கிலோமீட்டரில் அது ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. இந்தச் சிறிய கார்களிற் பல நெட்டையான மேனியுடையவை என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து திருச்சிக்கு 85-இல் போகிறவருக்கும் 115-இல் போகிறவருக்கும் ஒரே கார் இரு வேறு கார்களாக நடந்துகொள்வது இதனால்தான். பின்னவர் மிச்சப்படுத்திய நேரத்தை உளுந்தூர்ப்பேட்டை ஓட்டலில் காபிக்குக் காத்திருந்து செலவழித்துவிடுகிறார் என்பது வேறு விஷயம்.

டர்போவின் பெருமையை மட்டம் தட்டுவது என் நோக்கமன்று. அது தன் சம்பளத்தை நியாயமாகச் சம்பாதிக்கிற இடம் மலைப்பாதை. உதகமண்டலம் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு; சாதாரண என்ஜின் தன் வலிமையிலும் ஏறக்குறைய அந்த அளவை இழந்து, இரண்டாம் கியரில் அலறிக்கொண்டு ஏறும். டர்போவோ மெலிந்த காற்றையும் அழுத்தி உள்ளே அனுப்பி அந்த நஷ்டத்தைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது. குன்னூர்ச் சாலையில் ஐந்து பேரோடும் மூட்டை முடிச்சுகளோடும் ஏறியிருப்பவர்களுக்கு இதை நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

மைலேஜைப் பற்றிப் பேசுகிறவர்களிற் பாதிப் பேர் அதைச் சரியாக அளப்பதே இல்லை. டாஷ்போர்டில் ஒளிரும் சராசரி எண் பல கார்களில் உண்மையைவிடச் சற்றே தாராளமானது. ஒரே பங்கில், ஒரே பம்பில், குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, மறுமுறையும் அவ்விதமே நிரப்பி, இடைப்பட்ட தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுப்பதே நம்பத்தக்க முறை. அதையும் ஒரு முறை செய்து தீர்ப்புச் சொல்லாமல் பல முறை செய்து சராசரி காண வேண்டும். மற்றொரு நுட்பமும் உண்டு. 10-லிருந்து 12-க்கு ஏறினாலும் 18-லிருந்து 20-க்கு ஏறினாலும் லாபம் ஒன்றே என்று நாம் எண்ணுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 கிலோமீட்டருக்கு முன்னதில் 1.67 லிட்டர் மிச்சம், பின்னதில் 0.56 லிட்டர்தான். ஆகவே நெடுஞ்சாலை மைலேஜைக் கொஞ்சம் கூட்டுவதற்காகத் தவம் கிடப்பதைவிட, நகரத்தில் காரணமின்றி என்ஜினை ஓடவிட்டு நிற்பதைத் தவிர்ப்பதும், டயரில் சரியான காற்றழுத்தம் வைத்திருப்பதும் அதிகப் பலன் தரும்.

இப்போது விற்கும் 20 சத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் கேட்பீர்கள். எத்தனாலில் அடங்கிய வெப்பசக்தி, அளவுக்கு அளவு, பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பது ரசாயனம். அதில் அரசியலுக்கு இடமில்லை. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே, பழைய வகையில் வடிவமைத்து 10 சதக் கலவைக்குச் சீர்செய்யப்பட்ட கார்களுக்கு 6 முதல் 7 சதம் வரையும், 10 சதத்துக்கென வடிவமைத்து 20 சதத்துக்குச் சீர்செய்யப்பட்டவற்றுக்கு 1 முதல் 2 சதம் வரையும் மைலேஜ் குறையும் என்று மதிப்பிட்டது. இதில் நீங்களும் நானும் செய்யக்கூடியது, காரின் கையேட்டில் எந்தக் கலவை வரை அனுமதி என்று பார்த்துவைப்பது ஒன்றே.

இனி ஆயிலுக்கு வருகிறேன். இங்கேதான் நான் சற்று வற்புறுத்திப் பேச விரும்புகிறேன். டர்போவின் அச்சு நிமிஷத்துக்கு 1,50,000 சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. ஒரு பக்கம் 900 பாகை செல்சியஸை எட்டும் புகைவாயு, மறு பக்கம் வெளிக்காற்று. நடுவே அச்சைத் தாங்குவது மயிரிழையிலும் மெல்லிய ஓர் ஆயில் படலம். அந்த ஆயில் பழையதாகித் திரிந்தாலும், அளவு குறைந்தாலும், தரம் மாறினாலும், முதலில் பலியாவது அந்த அச்சுதான். நெடுந்தூரம் வேகமாக ஓட்டிவந்தோ, மலையேறி வந்தோ, வண்டி நின்ற மாத்திரத்தில் சாவியைத் திருகிவிட்டால், ஆயிலின் ஓட்டம் நின்றுபோய், தேங்கிய ஆயில் அந்தச் சூட்டில் கருகிக் கரியாக உறையும். இந்நாளைய கார்கள் பலவற்றில் டர்போவைச் சுற்றிக் குளிர்விக்கும் நீரோட்டம் உண்டு என்பது உண்மை. இருந்தாலும் இறங்குவதற்குமுன் ஒரு நிமிஷம் என்ஜினை மெல்ல ஓடவிடுவதால் செலவாகும் பெட்ரோல், பல்லாயிரக்கணக்கில் விலை சொல்லும் புது டர்போவுக்கு முன்னால் ஒரு செலவாகாது.

உரிமையாளரின் அலட்சியம் புதிதன்று. அமெரிக்காவில் 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற கார், டர்போ பொருத்தி விற்பனைக்கு வந்த முதற் கார்களில் ஒன்று. அதில் என்ஜின் அகாலத்தில் வெடிக்காமல் காக்க, நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் நிரப்பி வைக்க வேண்டும். வாங்கியவர்களில் பலர் அதை நிரப்ப மறந்தார்கள். தொட்டி காலியானதும் காரின் வலிமை தானே குறைந்தது. குறை சொல்லிக்கொண்டு பட்டறைகளுக்குப் படையெடுத்தார்கள். இரண்டே வருஷத்தில் அந்தக் கார் நின்றுபோயிற்று. பிறகு டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுக்கவும் நிறுவனம் முன்வந்தது. அறுபது வருஷம் கழிந்துவிட்டது, அந்தத் திரவத் தொட்டியும் ஒழிந்தது. உரிமையாளரின் மறதி மட்டும் ஒழியவில்லை.

ஆயில் மாற்றுவதற்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்று கையேட்டில் போட்டிருப்பது எளிதான உபயோகத்துக்குச் சொன்னது. வெயிலும் புழுதியும் நெரிசலும் நிறைந்த நம் ஊர்களில், ஒவ்வொரு பிரயாணமும் 4, 5 கிலோமீட்டரோடு முடிந்துவிடுமானால், அதைக் கடினமான உபயோகம் என்றே கையேடுகள் வகைப்படுத்துகின்றன. இடைவெளியைக் குறைப்பதே விவேகம். குறுகிய ஓட்டங்களில் என்ஜின் முழுச் சூடு அடைவதற்குள் அணைக்கப்படுவதால், எரியாத பெட்ரோல் சிறிது சிறிதாக வழிந்து ஆயிலோடு கலக்கிறது. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் என்ஜின்களில் இது கூடுதல். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கும்போது ஆயில் மட்டம் ஏறியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாடையும் வீசினால், ஆயில் செலவாகவில்லை என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அது நீர்த்துப்போய்விட்டது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க மாதம் ஒரு முறை, சமதரையில் காரை நிறுத்தி, ஒரு பழந்துணியோடு இரண்டு நிமிஷம் செலவிட்டால் போதும். பானெட்டைத் திறக்கும் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்றே அறியாத கார்ச் சொந்தக்காரர்கள் நம்மில் எத்தனை பேர்!

மைலேஜ் ஆசையே என்ஜினுக்குக் கேடாக முடியும் விசித்திரமும் ஒன்று உண்டு. சீக்கிரம் மேல் கியருக்குப் போனால் சிக்கனம் என்று கேட்டு, 40 கிலோமீட்டர் வேகத்திலேயே ஐந்தாம் கியர் போட்டு, மேம்பாலம் ஏற வேண்டி வந்ததும் கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை அடிவரை அழுத்துகிறவர்களைப் பார்க்கிறோம். குறைந்த சுற்றில் பெரும் பாரத்தை ஏற்றினால், நேரடி இன்ஜெக்ஷன் உள்ள டர்போ என்ஜின்களில், தீப்பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஒரு கோளாறு நேரக்கூடும்; அந்த அடி பலமாக விழுந்தால் பிஸ்டனே பிளக்கலாம். ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம் சேர்மானங்களும் இதற்குத் துணைபோகின்றன என்று கண்டபின்தான், இதைத் தடுக்கும் சோதனையில் தேறிய ஆயிலுக்கு 2018-இல் எஸ்.என். பிளஸ் என்றும், 2020-இல் எஸ்.பி. என்றும் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தார் தரக்குறி வகுத்தார்கள். ஆகையால் ஆயில் டப்பாவின் முன்பக்கத்துப் படத்தைவிடப் பின்பக்கத்துப் பொடி எழுத்து முக்கியம். கையேட்டில் குறித்த தடிமனும், குறித்த தரமோ அதற்கு மேற்பட்ட தரமோ இருந்தால் போதும். எந்தக் கம்பெனி என்பது இரண்டாம் பட்சம். ஏற்றத்தில் கியரைக் குறைத்துக்கொள்வதால் ஒரு கரண்டி பெட்ரோல் கூடச் செலவானால் ஆகட்டும்.

ஆயிலைப் பொறுத்து ஒரு யந்திரத்தின் விதியே மாறும் என்பதற்கு நம் மறைமலைநகர்க் காரையே சாட்சியாக அழைக்கலாம். ஈகோபூஸ்ட் 1 லிட்டர் என்ஜின் 2012 தொடங்கி மூன்று வருஷம் தொடர்ச்சியாகச் சர்வதேச என்ஜின் விருது பெற்றது. அதன் மேதைமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதன் பெல்ட் ஆயிலிலேயே நனைந்தபடி ஓடும் அமைப்புடையது. இங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஈகோஸ்போர்ட்களையும் உள்ளிட்டு 1,30,000-க்கு மேற்பட்ட கார்களை, ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட் அமைப்பின் பழுது காரணமாக, 2023-இன் இறுதியில் திரும்ப அழைத்தார்கள். பெல்ட் சிதைந்தால் துகள்கள் ஆயில் வழியை அடைக்கும். ஆயில் வராவிட்டால் டர்போவும் என்ஜினும் சேர்ந்தே போகும். இந்த வகைக் காரைப் பழைய மார்க்கெட்டில் வாங்கப் போகிறவர்கள், பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பதற்குமுன் பெல்ட்டைப் பற்றியும் ஆயில் மாற்றிய சரித்திரத்தைப் பற்றியும் விசாரிப்பது நலம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கலாம். காற்று ஃபில்டர் அடைபட்டால் டர்போ திணறும். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர்க் குழாயில் சிறு வெடிப்பு இருந்தாலும் வலிமையும் மைலேஜும் ஒருங்கே குறையும். ஸ்பார்க் பிளக்கை அதற்குரிய தவணையில் மாற்றாவிட்டால் இக்னிஷன் காயிலும் கூடவே போகும். உலர்ந்த கிளட்ச் இரண்டு கொண்ட ஆட்டோமாட்டிக் கியர் உள்ளவர்கள், நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து அதைச் சூடாக்காமல், முன்னால் கொஞ்சம் இடம் விழுந்தபின் நகருங்கள். சர்வீஸுக்கு விடும்போது, அந்தச் சுத்திகரிப்பு, இந்தப் பூச்சு என்று நீட்டுகிற பட்டியலில் கையேட்டில் இல்லாதவற்றைத் தாராளமாக மறுத்துவிடலாம். அந்தப் பணம் சீக்கிரமாகவே ஒரு முறை ஆயில் மாற்றுவதற்கு உதவும்.

இன்னும் வாங்காதவர்களுக்கு என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வீட்டிலிருந்து ஆபீஸுக்கும், ஆபீஸிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும், சில கிலோமீட்டர் நெரிசலில் மட்டுமே கார் ஓடப் போகிறதென்றால் டர்போ உங்களுக்கு வேண்டாம். டர்போ இல்லாத 1.2 லிட்டர் என்ஜின் வாங்கும்போதும் மலிவு, வைத்துப் பராமரிக்கவும் மலிவு, அலட்சியத்தையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மாதத்தில் சில தடவையாவது குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிறவர்களும், மலைப்பக்கம் குடியிருப்பவர்களும், முந்திச் செல்லும்போது நெஞ்சு படபடக்காமல் இருக்க விரும்புகிறவர்களும் தாராளமாக டர்போ வாங்கலாம். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு, 16 கிடைக்க வேண்டிய இடத்தில் 14 கிடைப்பதால் ஏற்படும் நஷ்டம் சுமார் 107 லிட்டர், அதாவது 10,700 ரூபாய். அந்தச் சுகத்துக்கு அது பெரிய விலையன்று என்பது என் கட்சி.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களை நான் வேண்டுவது, மைலேஜ் எழுதுகிற அதே குறிப்புப் புத்தகத்தில் ஆயில் மாற்றிய தேதியையும், கிலோமீட்டரையும், டப்பாவில் இருந்த தரக்குறியையும் எழுதிவைத்து, அதற்குரிய பில்லையும் பத்திரப்படுத்துங்கள் என்பதே. நாளைக்கு அந்தக் காரை விற்கப் போகும்போது, விஷயம் தெரிந்த மெக்கானிக்கோடு வருகிறவர் முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதங்களைத்தான்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
டர்போ கார் வைத்திருக்கும் ஒருவன்